மாத்திரை தொடங்கும் முன்னால்

அன்புள்ள தம்பி சேகருக்கு,

அக்கா எழுதுவது. மேட்ச் ஆகிவிட்டது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று கலா போனில் சொன்னாள். சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் மறு வேலை பார்த்தேன். வாரம் மூன்று தடவை ஊசி குத்தி டயாலிசிஸ் மெஷினில் படுத்துக் கிடந்தவன், இனி உன் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உட்காரலாம். கலாவை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு வந்தவள் தன் சிறுநீரகத்தையே உனக்கு எடுத்துக் கொடுக்கிறாள்.

நான் சொல்ல வந்ததைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். எழுதி வைத்தால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் கேட்பது ஒன்றுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் உன் உடம்பில் இறங்கும் முன்னால், உன் குடலிலும் கல்லீரலிலும் ஒட்டுண்ணி ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல். உனக்கு மட்டுமில்லை, கலாவுக்கும் பார்க்க வேண்டும்.

கலாவின் சிறுநீரகம் உனக்கு வேற்று உறுப்பு. உன் உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்று ஆயுசுக்கும் மாத்திரை தருகிறார்கள். ஆபரேஷன் அன்றைக்கே ஸ்டீராய்டைப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். இந்த மருந்துகளுக்கு இது கலாவின் சிறுநீரகம், இது கெட்ட கிருமி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பின் காவல் மொத்தத்தையும் தளர்த்திவிடும். இத்தனை வருஷம் காவலுக்குப் பயந்து அடங்கிக் கிடந்தது எதுவோ, அது அப்போது எழுந்துகொள்ளும்.

சிறுநீரக ஆபரேஷனுக்குக் கல்லீரலை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பாய். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள்தான் நுழைகிறது. ஆற்றுத் தண்ணீர் தலைமடையைத் தாண்டித்தான் மற்ற வயல்களுக்குப் பாய வேண்டும் என்பதுபோல, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலப்பது பெரும்பாலும் கல்லீரலைத் தொட்டுத்தான் மேலே போகும். அங்கே காவலுக்கு இருப்பவை குப்ஃபர் செல்கள். 1876-ல் குப்ஃபர் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் கண்டு எழுதியவை. வந்த கிருமியைப் பிடித்து விழுங்குவதுதான் அவற்றின் வேலை. ஸ்டீராய்டு அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் கட்டுகிறது.

அந்தக் காவல் செல்லுக்குள்ளேயே குடியிருக்கத் தெரிந்த ஒட்டுண்ணியும் உண்டு. காலா அசார் என்ற கருங்காய்ச்சலை உண்டாக்குகிற லீஷ்மேனியா. விழுங்கிய செல்லின் வயிற்றிலேயே அது பெருகும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிப்போகும். 1903-ல் நம் சென்னைப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன், உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசி போட்டெடுத்து அந்தக் கிருமியைப் பார்த்தார். அதன் பெயரில் இன்றைக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் அதிகம் இருந்தது பீகார் பக்கம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது வந்தால், மருந்து கொடுத்துக் குணமானாலும் திரும்பத் திரும்ப வரும். மருந்து கிருமியைக் குறைக்கும். மிச்சத்தை அடக்கி வைப்பது உடம்பின் சொந்த பலம்தான். அந்த பலம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைச் சொன்னேன். நீ இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

நீ கவனிக்க வேண்டியது வேறு. ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்று ஒரு புழு. நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, நாடாப்புழு எல்லாம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு நம் பக்கத்தில் ஒரு பேர்கூடக் கிடையாது, ஏனென்றால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. குடலில் இருக்கும் பெண்புழுவே 2 மில்லிமீட்டர் நீளம்தான். மலம் கலந்த ஈர மண்ணில் இதன் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்த் தங்கும். ஆண்புழு இல்லாமலே முட்டையிடும்.

நீயும் நானும் வளர்ந்த விதத்தை நினைத்துப் பார். அப்போது வீட்டில் ஏது கக்கூஸ்? வாய்க்கால் கரைக்குத்தான் போனோம். அதே கரையில் செருப்பில்லாமல் நடந்தோம். நடவு நாளில் அம்மாவின் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணாக இருக்கும், ராத்திரி மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொள்வாள். கலாவும் நாற்றுப் பறித்து வளர்ந்த பிள்ளைதான். உங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் புழு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருப்பதற்கான எல்லா வழியும் உங்கள் இரண்டு பேருக்கும் திறந்திருந்தது என்கிறேன்.

அதெல்லாம் சின்ன வயசில், இப்போது என்ன என்று நினைக்காதே. மற்றக் குடற்புழுக்கள் பெரும்பாலும் சில வருஷத்தில் செத்துப்போகும். இது அப்படியில்லை. முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகளில் சில வெளியே போகாமல் அங்கேயே வளர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி அதே ஆளின் உடம்புக்குள் நுழையும். வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வர வேண்டாம். 1942-43-ல் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளை, முப்பது வருஷம் கழிந்த பிறகும் லிவர்பூலில் பரிசோதித்தபோது இந்தப் புழு உயிரோடு இருந்தது. அந்தக் கைதிகள் பலருக்கு அவ்வப்போது இடுப்பிலும் தொடையிலும் கோடு இழுத்தாற்போல ஒரு தடிப்பு அரிப்போடு வந்து மறைந்ததாம். தோலுக்குள் குஞ்சு ஊர்ந்து போகும் தடம் அது, ஒரு மணி நேரத்தில் பல சென்டிமீட்டர் நகரும். உனக்கோ கலாவுக்கோ அப்படி எப்போதாவது வந்ததுண்டா என்று யோசித்துப் பார்.

எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை இந்தப் புழுவால் பெரிய தொல்லை இல்லை. பலருக்கு இருப்பதே தெரியாது. ஸ்டீராய்டு உள்ளே போனால் கதையே மாறிவிடும். குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகிக் குடலைத் துளைத்துக்கொண்டு கல்லீரல், நுரையீரல், மூளை என்று எல்லா இடத்துக்கும் போகும்.

நான் வேலை பார்த்த லேப்பில் இதை வளர்த்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அகார் தட்டின் நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து மூடி, இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்ப்போம். புழு இருந்தால், அது ஊர்ந்து போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக பாக்டீரியா முளைத்திருக்கும், வளைந்து வளைந்து ஒரு தடமாக. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மலத்திலிருந்த பாக்டீரியாவை அது தன் உடம்பில் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மனிதனுக்குள்ளும் இதையேதான் செய்கிறது. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாவை ரத்தத்துக்கும் கல்லீரலுக்கும் மூளை உறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நோயாளி சாவது பெரும்பாலும் அந்த பாக்டீரியாவால்தான். அதனால் டாக்டர்கள் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அதை ஏற்றிக்கொண்டு வருவது புழு என்று தெரியாமலே.

நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு அம்மா வந்தார்கள். களை பறிக்கிற கூலிக்காரர். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். உடம்பு தேறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். வரும்போது மூச்சிரைப்பு, காய்ச்சல், வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் டெஸ்ட் எல்லாம் ஏறிக் கிடந்தது. ரத்தத்தைக் கல்ச்சர் வைத்தால் குடல் பாக்டீரியா வளர்ந்தது. டிபியாக இருக்குமோ என்று சளியை லேப்புக்கு அனுப்பினார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு துளியை ஈரமாகவே லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் குஞ்சுகள், ஒன்றில்லை, கண் பட்ட இடமெல்லாம் நெளிந்தன. மாடிக்கு ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். மருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். பலன் இல்லை. மலப் பரிசோதனை என்று ஒன்றை அதற்கு முன் யாரும் அந்த அம்மாவுக்கு எழுதியதே இல்லை. வெறுங்காலோடு வயலில் நிற்கிறவரா என்று ஒருவராவது கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இத்தனைக்கும் மருந்து எளிது. ஐவர்மெக்டின், உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு. புழு அடங்கியிருக்கும்போது ஒன்றிரண்டு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜப்பான் மண்ணில் ஒமுரா என்ற விஞ்ஞானி எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. அவருக்கும் காம்ப்பெல் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது அதற்காகத்தான். பெருகிப் பரவிய பிறகு கொடுத்தால், கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது, "நான் பூச்சி மாத்திரை போட்டிருக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லி முடித்துவிடாதே. நீயாகக் கடையில் ஐவர்மெக்டின் வாங்கியும் போட்டுக்கொள்ளாதே. உனக்கு எவ்வளவு, எப்போது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

பரிசோதனையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு தடவை மலம் பார்த்து "இல்லை" என்று சீட்டு வந்தால் நம்பாதே. குஞ்சுகள் தினமும் வெளிவருவதில்லை, வந்தாலும் கொஞ்சம்தான். வெவ்வேறு நாளில் மூன்று தடவையாவது கொடுக்க வேண்டும். காலையில் போனதும் கொண்டுபோய்க் கொடு, ஃப்ரிட்ஜில் வைக்காதே. நாள்பட்ட மலத்தில் கொக்கிப்புழு முட்டை பொரிந்து குஞ்சு வந்துவிட்டால் இதுவா அதுவா என்று குழப்பம் வரும். நாங்கள் வாயைப் பார்த்துத்தான் பிரிப்போம். கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வாய்க்குழி நீளம், இதற்குக் குட்டை. அயோடின் ஒரு சொட்டு விட்டால் நெளிவது நின்று அது தெளிவாகத் தெரியும். மலத்தைவிட ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் எலைசா டெஸ்ட் நன்றாகப் பிடிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருந்தால் அதுவும் ஒரு அடையாளம். ஆனால் ஸ்டீராய்டு எடுக்கிறவருக்கு அந்த அணு இறங்கிவிடும். அந்த அம்மாவுக்கு எண்ணியபோது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் ஸ்டீராய்டு தொடங்கும் முன்னால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கலாவுக்கும் ஏன் பார்க்க வேண்டும் என்றால், இந்தப் புழு தானம் கொடுப்பவரின் உறுப்போடு சேர்ந்து வாங்குபவருக்குப் போயிருக்கிறது. வெளிநாடுகளில் அப்படி நடந்து, ஆபரேஷன் முடிந்து பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தப் புழு உள்ள ஊர்க்காரர்கள் என்றால் கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்றுதான் உறுப்பு மாற்று வழிகாட்டிகளில் இருக்கிறது. மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., டிபி எல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் தவறாமல் பார்ப்பார்கள். இது மட்டும் எல்லா இடத்திலும் பட்டியலில் இருப்பதில்லை. டாக்டருக்குத் தெரியாமல் இல்லை, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவன் எந்தச் சேற்றில் வளர்ந்தான் என்று அவருக்குத் தெரியாது. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது வயசில் உனக்குக் கல்லீரலில் கட்டி வந்ததே, நினைவிருக்கிறதா? வலது விலாவுக்குக் கீழே வலி, தோள்பட்டை வரைக்கும் இழுத்தது, குளிர்காய்ச்சல். ஊசி போட்டுப் பழுப்பு நிறச் சீழை எடுத்தார்கள். அது அமீபா. அசுத்தத் தண்ணீரில் வரும் அமீபா குடலைத் துளைத்து, நான் சொன்ன அதே சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய்க் கட்டியாக நின்றது. நீ அப்போது குடித்துக்கொண்டிருந்தாய். யாழ்ப்பாணத்து டாக்டர்கள் இந்தக் கட்டியோடு வந்தவர்களைக் கணக்கெடுத்தபோது அநேகமாக எல்லோரும் கள்ளோ சாராயமோ குடிக்கும் ஆண்களாகவே இருந்தார்கள். மெட்ரோனிடசோல் கொடுத்ததும் நீ எழுந்துவிட்டாய். அந்த மருந்து கட்டியில் இருக்கும் அமீபாவைக் கொல்லும், குடலில் கூடுகட்டி இருப்பதை முழுதாக அழிக்காது. அதற்கு டைலாக்ஸனைடோ பரோமோமைசினோ தனியாகத் தர வேண்டும். உனக்குத் தந்தார்களா என்பது பழைய சீட்டில்தான் இருக்கும். அம்மாவின் தகரப் பெட்டியில் தேடிப் பார். சீட்டு கிடைக்காவிட்டாலும் "எனக்குக் கல்லீரலில் அமீபாக் கட்டி வந்திருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல். குடலில் அமீபா இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் பெருங்குடல் ஓட்டை விழும் அளவுக்கு முற்றியதுண்டு. குடித்த காலத்தைச் சொல்ல வெட்கப்பட்டு இதை மறைத்துவிடாதே.

நாய் வளர்க்கும் வீடுகளில் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டியை ஸ்கேனிலேயே பார்த்துவிடுவார்கள், அதை விட்டுவிடு.

ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீரில் கவனமாக இரு. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு ஒட்டுண்ணி, குளோரினுக்கு அசையாது. 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலேயே வந்து ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. நல்ல உடம்புக்கு ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கு அது குடலோடு நிற்காமல் பித்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் ஏறக்கூடும். கொதிக்க வைத்தால் செத்துவிடும், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடி. வெட்டி வைத்த பழம், கடை ஐஸ், கடைச் சட்னி எதுவும் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல். பேதி ஆகும்போது டாக்ரோலிமஸ் ரத்தத்தில் கூடிப்போகும், அது கூடினால் கலா கொடுத்த சிறுநீரகத்தையே கெடுக்கும். கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதே.

வயலுக்குப் போவதை நீ விடமாட்டாய், தெரியும். ஒரு வருஷமாவது ஆள் விட்டுப் பார்த்துக்கொள். பிறகு போனாலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதே. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. நான் எழுதிய நோய்களில் முன்கூட்டித் தெரிந்தால் தீராதது அநேகமாக ஒன்றும் இல்லை. டாக்டர் ரொம்ப வேலையில் இருப்பார், நீ கேட்கத் தயங்குவாய். தயங்காதே. "நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு வயலில் வளர்ந்தவர்கள், ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் டெஸ்ட் எழுதுங்கள், எனக்கு முன்னால் அமீபாக் கட்டி வந்திருக்கிறது" என்று சொன்னால் போதும். வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் மேஜையில் வை. அடுத்த தடவை போகும்போதே கேள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்து அட்மிட் ஆகும்வரை காத்திருக்காதே. மலம் மூன்று தடவை கொடுத்து, ரத்தம் கொடுத்து, சீட்டு வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கலாவின் சீட்டையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா